கதவில்லாத அலமாரி

மார்ச் 3

பாப்பா,

இதைக் கடையிலேயே படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உன் போனை உன் அண்ணன் வாங்கிப் பார்ப்பார் என்பதால்தான் இந்தக் காலத்திலும் தபாலில் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையம்மா யார் கண்ணிலும் படாமல் உன்னிடம் தருவார் என்று நீ சொன்னாயே, அந்தத் தைரியம்தான்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கேட் தாழ்ப்பாளுக்கு நீ எண்ணெய் விட்டு வைத்திராவிட்டால் வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டேன். பஸ்ஸில் ஊர் எல்லை தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் எனக்குப் பல்வலி என்று நினைத்து கிராம்பு கொடுத்தார். வாங்கிக் கடித்துக்கொண்டேன்.

வேலை கிடைத்திருக்கிறது. பூ அலங்காரப் பட்டறை. ஓட்டல்களுக்கும் விழா அரங்குகளுக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் இங்கிருந்துதான் பூ போகிறது. ஈரத் தரை, நீள மேஜை, சுவரோரமாக வாளி வாளியாகப் பூ. பின்னால் ஒரு குளிர் அறை. அதன் கதவு தடிமனானது. முதல் நாள் உள்ளே போகச் சொன்னபோது, இது உள்ளே இருந்தும் திறக்குமா என்றுதான் முதலில் கேட்டேன். திறக்கும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் போனேன்.

கற்றுக்கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தியைக் கம்பி என்கிறார்கள். ஒல்லி, பூவுக்குள் கம்பி செலுத்துவதில் கெட்டிக்காரி. என்னைவிட வயதில் சிறியவள், என்னை அக்கா என்கிறாள். இன்னொருவர் பெரிய பெரிய பூ வளைவுகள் கட்டுபவர், வண்டியும் ஓட்டுகிறார். பெயர் வளைவு. ஆள் மட்டும் எதற்கும் வளைவதில்லை என்று கம்பி கிண்டல் செய்கிறாள்.

பூவைச் செருகி வைக்கிற பச்சை ஃபோம் கட்டியை நான் தண்ணீரில் போட்டு அமுக்கினேன். கம்பி என் கையைத் தட்டிவிட்டாள். "அமுக்காதீங்கக்கா. மிதக்க விடுங்க. அது தானா குடிச்சு தானா எறங்கும். அமுக்குனா மேல ஈரமா இருக்கும், நடுவுல காஞ்சு கெடக்கும், பூ ஒரே நாள்ல தலைய தொங்கப் போட்டுரும்." அவள் கையைத் தட்டியதும் நான் இரண்டடி பின்னால் போய் வாளியில் முட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என்னைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறாள்.

நேற்று தெருவில் 'எல்' போர்டு மாட்டிய கார் ஒன்று மெதுவாக வந்தது. மருந்துக்கடைக்குள் ஓடிவிட்டேன். ஓட்டியது யாரோ ஒரு பெண். ஊரில் டிரைவிங் ஸ்கூல் உன் அண்ணன் ஒருவருக்கு மட்டுமா இருக்கிறது? புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? மறைக்காமல் எழுது.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடையம்மா ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, "இந்தா, உன் பவர் வந்திருக்கு" என்று நீட்டினார். படித்தேன். கிழித்தேன். அதோடு நிம்மதி வராமல், லென்ஸ் தேய்க்கிற மெஷினின் அழுக்குத் தண்ணீரில் ஊற வைத்தேன். இனி அதைப் படிக்க வேண்டுமென்றால் குடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் போன அன்று அண்ணன் கத்தவில்லை. நீங்கள்தான் அறிவீர்களே, அவர் எப்போது கத்தியிருக்கிறார்? ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டார், அணைத்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். "அவளுக்கும் ஒரு தட்டு வை" என்றார். வைத்தேன். இன்று வரை வைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டையும் கழுவச் சொல்கிறார். சுத்தமாக இருக்கிற தட்டைக் கழுவுவது எப்படி என்று முதல் நாள் தெரியவில்லை, இப்போது பழகிவிட்டது. அக்கம்பக்கத்தில், நீங்கள் உடம்பு சரியில்லாத பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. காலையில் அவரே காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார், மாலையில் அவரே கூட்டிப் போகிறார். "பஸ்ல எதுக்குக் கஷ்டப்படுற" என்கிறார். ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முன்னால் ஓட்டுவார்கள், நான் பின்சீட்டில். நேற்று ஒரு பெரிய மனிதர் திருப்பத்தில் சுவரோடு சம்பந்தம் பேசப் போனார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் கண்ணை மூடலாமா என்று அப்புறம் சிரிப்பு வந்தது.

கம்பியைப் பற்றி நிறைய எழுதுங்கள். எனக்கு அதைப் படிக்கும் நேரம் நன்றாக இருக்கிறது.

பாப்பா


மார்ச் 24

பாப்பா,

முதலில் பூ விஷயம், நீ கேட்டாய் என்பதற்காக.

கைப்பூங்கொத்து கட்டப் பழகுகிறேன். முதல் தண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, அடுத்ததை அதன்மேல் சாய்வாக வைக்க வேண்டும். அதற்கடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். வைக்க வைக்கக் கொத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வரவேண்டும். சரியாக வந்தால் கீழே தண்டுகள் விரிந்து, கொத்து மேஜைமேல் தானாக நிற்கும். ஒரே ஒரு தண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் கழுத்து ஒடிந்துவிடும். என்னுடையது எதுவும் நிற்கவில்லை. இடது கட்டைவிரல் மடங்க மாட்டேன் என்கிறது.

கம்பி பார்த்துக்கொண்டே இருந்தாள். "விரல்ல என்னக்கா?" என்றாள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சரளமாக வருகிறது தெரியுமா? அவள் என் கையை வாங்கி, விரலால் பிடிக்காமல் உள்ளங்கை மேட்டில் தண்டுகளைத் தாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாள். "எனக்கு ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்லக்கா, கம்பி குத்திக் குத்தி மரத்துப் போச்சு. நானும் இப்படித்தான் பிடிக்கிறேன்" என்றாள். வளைவு அந்தப் பக்கம் ஏணியில் நின்றபடி, "எல்லா கையும் ஒரே மாதிரி இருந்தா ஒரே ஆளு போதுமே" என்றார். அவர் பேசியது அன்றைக்கு அவ்வளவுதான்.

இனி உன் விஷயம். அண்ணன் தினமும் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கல்யாணமான புதிதில் எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. எவ்வளவு அக்கறை என்று நானே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு கடைக்குத் தனியாகப் போனால் எதற்கு என்றார். பிறகு யாரோடு பேசினாய் என்றார். மணிக்கட்டை நாடி பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில்.

நான் போய்விட்டால் உன்னைத் தொடமாட்டார், கூடப் பிறந்தவள்தானே என்று நினைத்துத்தான் கிளம்பினேன். அது சரியா, பாப்பா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நீங்கள் நினைப்பது போல ஒன்றும் இல்லை.

அவர் உங்களுக்குக் கணவர். எனக்கு அண்ணன். அப்பா அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் தூங்கமாட்டார். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது நினைவு வராது. நீங்கள் போய்விட்டீர்கள். பூவுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இங்கே இருப்பவளுக்கு என்ன நடக்கிறது என்று எழுதுவது சுலபம். தட்டு வைப்பவள் நான்.

கொஞ்ச நாள் கடைக்குப் போகவில்லை. சமையலறை அலமாரிக் கதவு காதில் இடித்துவிட்டது. இடது காது சற்று மந்தமாக இருக்கிறது, தானாகச் சரியாகிவிடும். அதனால்தான் பதில் தாமதம்.

இனி எழுத வேண்டாம். கடையம்மாவையும் எதற்குச் சிக்கலில் மாட்டிவிட வேண்டும்?

இப்படிக்கு,
பாப்பா


ஏப்ரல் 11

பாப்பா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி. திட்ட வேண்டுமானால் படித்துவிட்டுத் திட்டு.

அந்தச் சமையலறை அலமாரிக்குக் கதவு கிடையாது. நாம் குடிவந்தபோதே கீல் உடைந்து தொங்கியது. கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ஜன்னல் திரையை வெட்டி நான்தான் கட்டினேன். நீதான் கயிறு கோத்துக் கொடுத்தாய். துணி காதில் இடிக்காது.

என் விரலைப் பார்த்த டாக்டரிடம் நானும் அலமாரிக் கதவு என்றுதான் சொன்னேன். அந்தப் பொய்யை நான் சொல்லும்போது நீ பக்கத்தில் நின்றாய். இல்லாத ஒரு கதவு நம் இரண்டு பேரையும் அடித்திருக்கிறது.

உன் கடிதத்தை மேஜையடியில் வைத்துப் படித்தேன். பிறகு ரோஜாத் தண்டு சீவ உட்கார்ந்தேன். இங்கே கத்திரியைவிடக் கத்திதான். கத்திரி தண்டை நசுக்கும், தண்ணீர் ஏறாது. கத்தி ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவும். கத்தி நிற்க, தண்டைப் பிடித்த கைதான் இழுக்க வேண்டும் என்பாள் கம்பி. எனக்குக் கத்தியும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. ஆள்காட்டி விரலைச் சீவிக்கொண்டேன். வாளித் தண்ணீர் சிவந்த பிறகுதான் தெரிந்தது.

கம்பி கட்டுப் போட்டுவிட்டாள். அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் பொண்ணு இப்போ அங்க தனியா இருக்காளா?"

இருக்கிறாள் என்றேன். சொல்லும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் உனக்குச் சோறு ஊட்டியது உண்மை. காதில் அடித்ததும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை நீ பொய்யாக்க வேண்டியதில்லை.

என்ன நடக்கிறது என்று சொல். நான் வருகிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

கடையின் கழிப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருக்கும்.

ஆமாம். அவர்தான்.

இப்போது வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார். கடைக்கு அனுப்புவதே சம்பளத்துக்காக இல்லை, நான் போகாவிட்டால் கடையம்மா தேடி வருவார் என்பதற்காக. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதிர்ப்புறம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பாவம், ஓட்டாமலே உட்கார்ந்திருப்பார்கள்.

தினமும் சாயங்காலம் கேட்கிறார். "அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும், பாப்பா. நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட." அவ்வளவுதான். அப்புறம் தலையைத் தடவிக் கொடுக்கிறார். அடித்ததைவிட அந்தத் தடவல்தான் எனக்குப் பயம். கை தலையிலிருந்து காதுக்கு வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன்.

ஊர்ப் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிடுவேன் அண்ணி. என்னை நான் அறிவேன். நான் உங்களைப் போல இல்லை. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ சொல்லிவிடுவேன். அதற்குள் நீங்கள் வேறு ஊருக்குப் போய்விடுங்கள். எங்கே என்று எனக்கு எழுத வேண்டாம். தெரியாவிட்டால் சொல்லவும் முடியாது இல்லையா?

போலீஸுக்குப் போகச் சொல்லாதீர்கள். இங்கே ஸ்டேஷனில் இருப்பவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். சார் சார் என்று டீ வாங்கித் தருவார்கள்.

போன கடிதத்தில் எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 25

பாப்பா,

நான் எங்கேயும் போகப்போவதில்லை. நீ வருகிறாய்.

கவனமாகப் படி. கடையம்மாவிடம் கம்பி தன் போனிலிருந்து பேசிவிட்டாள். வியாழக்கிழமை காலை, சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்னால், உங்கள் கடைக்கு ஒரு வெள்ளை வேன் வரும். வாசலில் வைக்கப் பூ அலங்காரம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்வார்கள். ஒல்லியான ஒரு பெண் பூத்தட்டோடு உள்ளே வந்து, "இன்னொண்ணு இருக்கு, யாராவது ஒரு கை பிடிங்க" என்பாள். நீ போ. வேனின் பின்கதவு திறந்திருக்கும். ஏறி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள். பை எடுக்காதே. வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவராதே, ஒரு துணிகூட. அன்று காலை எப்போதும் போலத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வா.

வேனில் எழுதியிருக்கும் பட்டறைப் பெயரை வளைவு காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார். இங்கே திரும்பியதும் நேராக இந்த ஊர்ப் போலீஸிடம் போகிறோம். இங்கே யாருக்கும் அவர் சார் இல்லை.

என்னை வரவேண்டாம் என்றார்கள். வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், வேனைவிட்டு இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இறங்கமாட்டேன், என்னால் முடியவும் முடியாது. இன்று முழுவதும் ரோஜாவின் வாடிய வெளி இதழ்களைப் பிய்க்கும் வேலை. பிய்த்துப் பிய்த்து ஒரு பூவை மொட்டையாகவே ஆக்கிவிட்டேன். கம்பி அதை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டாள்.

பயத்தோடுதான் வருகிறேன், பாப்பா. பயம் போன பிறகு வரலாம் என்று இருந்தால் அது நடக்காது.

இதைப் படித்ததும் மெஷின் தண்ணீரில் போடு.

அண்ணி


மே 14

அண்ணி,

இந்த ஊர்ப் பெண்கள் விடுதிக்கு வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது என்று அந்தப் போலீஸ் அம்மா சொன்னது சரிதான் என்றாலும், வேனில் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு வந்ததற்குப் பிறகு இங்கே சுவரில் சாய வேண்டியிருப்பது கஷ்டமாக இருக்கிறது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. நீங்கள் முன்னால் நின்றீர்கள், நான் உள்ளே இருந்தேன். நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கம்பி அக்கா உள்ளே வந்து "ஒரு கை பிடிங்க" என்றதும் எழுந்தேன். கடையம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினார். வெளியே வந்தால், எதிரே அவருடைய கார் நிற்கிறது. சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் கழுவி வைத்த தட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டாரோ என்னவோ.

வேனில் ஏறி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ரோட்டைக் கடந்து வந்தார். அவசரமே இல்லை. பின்கதவருகே நின்று, "எறங்கு பாப்பா. வீட்டுக்குப் போலாம்" என்றார். அதே குரல். உங்களிடம் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நான் இறங்க எழுந்தேன். எனக்கு அந்தக் குரலுக்கு எழுந்துதான் பழக்கம்.

அப்போதுதான் நீங்கள் இறங்கினீர்கள். இறங்கமாட்டேன் என்று எழுதியவர் நீங்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றீர்கள். அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் வந்துட்டியா, நல்லதாப் போச்சு" என்றார்.

நீங்கள் சொன்னீர்கள்: "இவ காதுல அடிச்சது நீங்க. என் விரலை ஒடிச்சது நீங்க." தெரு முழுக்கக் கேட்டது. எனக்குத் தெரிந்து நீங்கள் அந்த வீட்டில் இத்தனை சத்தமாகப் பால்காரரைக்கூடக் கூப்பிட்டதில்லை.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

"பாக்கட்டும். பாக்கத்தான் சொல்றேன். அலமாரிக் கதவு இல்ல. இவர்தான்."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். கடையம்மா வாசலுக்கு வந்து நின்றார். வளைவண்ணன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா வந்து பக்கத்தில் நின்றார், ஏணியை இறக்கவே இல்லை. எதிரே டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கினாள். கதவைக்கூடச் சாத்தாமல், காரைவிட்டுத் தள்ளிப்போய், நடைபாதையில் நின்று அவரையே பார்த்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி, அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. கோபம்கூட இல்லை. யாரோ வீட்டுக்குள் தெரியாமல் வந்துவிட்டவர் போல இருந்தார்.

எல்லாரும் உங்கள் குரலைத்தான் கேட்டார்கள். நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசும்போது பின்னால் ஒரு கையால் வேன் கதவின் பிடியைப் பிடித்திருந்தீர்கள். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் கதவே ஆடியது. வாளிகளில் எல்லாம் தண்ணீர் தளும்பி என் கால் நனைந்தது. அதைப் பார்த்துத்தான் நான் திரும்ப உட்கார்ந்தேன். உங்களுக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். கம்பி அக்கா பின்கதவைச் சாத்தினார், வளைவண்ணன் வண்டியை எடுத்தார். வெகுதூரம்வரை அந்தக் கார் பின்னால் வந்தது, பாலத்துக்கு அப்புறம் காணவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். என் காதைப் பார்த்த டாக்டரம்மா எதனால் என்று கேட்டபோது சரியான பதிலைச் சொன்னேன். இனி அந்தக் காது பழையபடி கேட்காதாம், ஆனால் மோசமாகாதாம். அவரை விசாரித்துவிட்டு வெளியே விட்டிருக்கிறார்கள், நம் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது என்று நேற்று போலீஸ் அம்மா போனில் சொன்னார். காகிதத்தில் போட்ட உத்தரவு காரை நிறுத்துமா என்று கேட்டேன். "நிறுத்தலன்னா நாங்க நிறுத்துவோம்" என்றார். நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் கேட்டிருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பட்டறையிலேயே இருக்கப்போவதாகக் கம்பி அக்கா சொன்னார். பெரிய அரங்கு வேலை ஒன்றை உங்களிடம் தனியாக விட்டிருக்கிறார்களாமே. பயமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். இனிமேல் எதையும் கிழிக்கப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். பக்கத்து அறைப் பெண், சோப்பு தீர்ந்துவிட்டதாம். கொடுத்தனுப்பினேன். யார் என்று கேட்காமலே கதவைத் திறந்திருக்கிறேன் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. போய்த் தாழ் போட்டுவிட்டு வந்து, இதை முடிக்கிறேன்.

பாப்பா